ஆறாவது கோப்பை

நகத்தால் சுண்டினால் 'ணிங்' என்று கணீரெனக் கேட்கும். கீறல் விட்டிருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். எங்கள் அப்பா பழைய பீங்கான் கோப்பைகளை அப்படித்தான் சுண்டிப் பார்த்து வாங்குவார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவருக்கு, எந்தக் காலத்திலோ ஜப்பானில் செய்து, ரங்கூன் போய்வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் ஏறி இங்கே வந்து சேர்ந்த, நீலக்கொடி ஓடும் வெள்ளைக் கோப்பைகள்மேல் ஏன் அப்படியொரு பித்து வந்தது என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

தாராபுரத்துப் பழைய சாமான் கடையில் ஒரே கொடி, ஒரே அளவில் ஐந்து கிடைத்தன. வீட்டில் நாங்களும் அப்பா, அம்மா, இரண்டு அக்காக்கள், நான் என்று ஐந்து பேர். ஆனாலும் ஒருவரும் அதில் குடிக்கக் கூடாது. "ஆறு இருந்தாத்தான் கண்ணு செட்டு" என்று ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டார். டம்ளரோ தட்டோ, எங்கள் ஊரில் எதை வாங்கினாலும் அரை டஜன்தானே! ஆறாவதைத் தேடி ஞாயிறுதோறும் அலைந்தார். கிடைத்ததையெல்லாம் துணியைப் பார்ப்பதுபோல வாசல் வெளிச்சத்தில் பிடித்து, "ஷேடு சேரலீங்க, இது வேற லாட்டு" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பார்.

"ஏனுங்க, அது வர்றதுக்குள்ள புள்ளைகளுக்குக் கண்ணாலமே ஆயிருமுங்க" என்று அம்மா கேலி செய்வார். பெரியக்காவுக்கு நிஜமாகவே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து அதில் ஒருநாள்கூடக் குடிக்காமலே போய்விடுவோமோ என்று அழுகை வந்தது.

அந்த வருஷம் கம்பெனியில் சரக்குப் பார்க்க ஜப்பானிலிருந்து ஓர் அம்மா வந்தார். அப்பா ஒரு கோப்பையைப் பனியன் துணியில் சுற்றி எடுத்துப்போய், ஆறாவது அவர் ஊரில் கிடைக்குமா என்று மொழிபெயர்க்க வந்தவர் மூலம் கேட்டாராம். அந்த அம்மா சிரித்துவிட்டார். அவர்கள் ஊரில் செட்டு என்றாலே ஐந்துதானாம்.

அன்று சாயங்காலம் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் ஷோகேஸைத் திறந்தார். அம்மா டீ போட்டார். கோப்பைகளுக்குக் கைப்பிடி கிடையாது. நான் சூடு தாங்காமல் கீழே விட்டுவிட்டேன். இரண்டாகப் போயிற்று. அப்பா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "விடு கண்ணு, குடிச்சுத்தானே உடைஞ்சுது? நாந்தான் இத்தன நாளு சும்மா பூட்டி வெச்சிட்டேன்" என்று தன் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

இப்போது அப்பா இல்லை. தாராபுரத்துக் கடையும் இல்லை. அவருடைய பித்து மட்டும் எனக்கு வந்திருக்கிறது. ஆனால் எந்தக் கோப்பையை வாங்கினாலும் அன்றே டீ ஊற்றிவிடுகிறேன். பெயர்கூடத் தெரியாத அந்த ஜப்பான் அம்மாவுக்கு அதற்காக மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன். அந்த ஐந்தில் அப்பா அன்று எனக்கு நீட்டிய ஒன்றுதான் மிச்சம். இன்று காலையும் அதில்தான் குடித்தேன். மற்ற நாலும் குடித்துத்தான் உடைந்தன, அப்பா.