பதக்கத்துக்குத் தேசிக்காய்

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஹோர்சன்ஸுக்கு வெளியே ஒரு கமக்காரரின் வயலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். டென்மார்க்கில் ஒவ்வொரு வசந்தத்திலும் நிலம் கல்லாகப் பெற்றுப் போடும். குனிந்து குனிந்து, முதுகு என்று ஒன்று இருப்பதே வெறுத்துப்போயிருந்தது. ஒருநாள் கையில் அகப்பட்டது கல் அல்ல. கேடய வடிவில், பச்சைக் களிம்பு பிடித்து, மேலே வளையம் வைத்த சின்னத் தகடு.

கமக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடைக்காலத்துப் பதக்கம். குதிரையின் மார்புப் பட்டியில் தொங்கியது. இது அரசாங்கத்துக்குச் சொந்தம். நாளைக்கு மியூசியத்தில் கொடுத்துவிடு," என்றார்.

அரசாங்கம் என்றதும் தகட்டைப் பத்திரமாகக் கைலேஞ்சியில் சுற்றினேன். ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் அதே அரசாங்கத்தின் மேசையில்தான் கிடந்தது. பதக்கத்தை ஒழுங்காகக் கொடுத்தால் மனுசி வருவாள், பிசகினால் வரமாட்டாள் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். டெனிஷ் பாராளுமன்றத்துக்கே தெரியாத சட்டம்.

மறுநாள் காலை முகம் கழுவி வருவதற்குள், என்னோடு அறையில் தங்கியிருந்த மூத்தவர் ஒருவர் தகட்டைத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து முடித்திருந்தார். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. களிம்புக்கு அடியில் இருந்த பழைய சிவப்பு எனாமல் பூச்சு கழுவும் தொட்டியில் பொருக்குப் பொருக்காகக் கிடந்தது.

"அண்ணை, என்ன வேலை செய்தனீங்கள்?"

"அரசாங்கத்துக்குக் குடுக்கிற சாமானை ஊத்தையோடையே குடுக்கிறது? கொண்டுபோ."

பஸ்ஸில் போகும்போதே எனக்கு விசாரணை முடிந்து, தீர்ப்பும் வந்து, பெட்டியோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிவிட்டேன்.

மியூசியத்துப் பெண் பதக்கத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"யார் சுத்தம் செய்தது?"

"நான்," என்றேன். அண்ணைக்கும் அதே மேசையில் ஒரு விண்ணப்பம் கிடந்தது.

"எனாமல் போய்விட்டது. வடிவமாவது இருக்கிறது. இனி ஏதும் கிடைத்தால் மண்ணோடு கொண்டுவாருங்கள்," என்றபடி என் விலாசத்தைக் கேட்டாள்.

விலாசம் பொலிசுக்குத்தான் என்று முடிவுகட்டி, "இதனால் என் மனைவியின் விசா..." என்று அரைகுறை டெனிஷில் இழுத்தேன். அவளுக்கு விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது.

"அது எங்கள் வேலை இல்லை, வேறு அலுவலகம். நாங்கள் குதிரைச் சாமான்தான் பார்ப்போம்."

திரும்பி வந்தபோது அண்ணை சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"மினுக்கக் கூடாதாம்."

"மனுசியின்ரை அலுவல்?"

"அது வேற கந்தோராம்."

"அப்ப நான் தேய்ச்சதாலை ஒண்டும் இல்லையே?"

"இல்லை அண்ணை. குதிரைக்குத்தான் கோவம்."

சப்பாத்தோடேயே கட்டிலில் சாய்ந்தேன். மனுசி வந்துசேர இன்னும் இரண்டு வசந்தம் எடுத்தது. அவ்வளவு காலமும் அந்த வயலில் கல்லைத் தவிர வேறெதையும் நான் தொடவில்லை.