சாயமா, உயிரா

என் மன்னி கல்யாணச் சீராக மாதுங்கா வீட்டுக்குக் கொண்டுவந்த வெண்கலப் பானைகளுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில், பித்தளைக் குழாய் வைத்த மைக்ராஸ்கோப் ஒன்று தலை குனிந்து நின்றது. தாவரவியல் படித்த மகளுக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. இதில் எதைப் போட்டு அரைப்பது என்று அம்மா கேட்டாள். யுத்த காலம், அரிசிக்கே வரிசை. சமையல் முடிந்த மத்தியானங்களில், லோகல் ரயிலின் தடதடப்பில் கண்ணாடிச் சில் அதிர, வேர்வையில் பொட்டுக் கரைய, மன்னி ஜன்னலோரம் குனிந்திருப்பது இதை எழுதும்போதும் என் எதிரே இருக்கிறது.

எனக்கு ஆபீஸ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு மாவிடித்துத் தரும் தாராவிப் பெண் உலக்கையைத் தொடாமல் ஒரு சீசாவை நீட்டினாள். உள்ளே ரத்தம் கரைத்தது போன்ற நீர். அவர்கள் சந்துக் கிணறு இப்படிச் சிவந்து கிடக்கிறதாம். அவள் புருஷன் பட்டறையில் தோலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறவன். சாயத்தொட்டியைக் கிணற்றடியில் கழுவிவிட்டான் என்று சந்தே திரண்டுவிட்டது. குடிசையைப் பிரித்துப் போட்டு ஊருக்கு ரயிலேற்றிவிடுவோம் என்கிறார்களாம்.

“இது சாயமா, வேற என்னமுமாம்மா? அவரு செய்யலைன்னுதான் சொல்லுதாரு” என்றாள். அவள் குரலில் அவளுக்கே நிச்சயமில்லை.

மன்னி ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்தாள். முந்திக்கொண்டு பார்த்தது நான். பொடிப்பொடியாக என்னவோ துடித்தது. உசிர்தான் மன்னி என்று குதித்தேன். மன்னி கோலக் காவியைத் தண்ணீரில் கரைத்து வைத்துப் பார்க்கச் சொன்னாள். அதுவும் துடித்தது.

“போடி அசடே. செத்த மண்ணும்தான் தண்ணில துடிக்கும். துடிக்கறதெல்லாம் உசிராயிடுமா?”

வாசலில் நின்றவளின் முகம் இருண்டது. எனக்கும் சுருக்கென்றது, ஆபீஸ் நாற்காலியில் இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தவள்தானே நானும். மன்னி மறுபடி கிணற்று நீரை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு கண்ணாடியில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடினாள். சற்றுப் பொறுத்து நான் பார்த்தபோது, நீள நீளமான செந்துகள்கள் நெளிந்து, முட்டி, திரும்பி, வெளிச்சப் பக்கம் வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

“சாயத்துக்கு வழி தெரியாது. இதுக்குத் தெரியறது” என்றாள் மன்னி.

வெயில் இறங்குமுன் தாராவிக் கிணற்றுச் சுவர்மேல் மைக்ராஸ்கோப் ஏறியது. ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். அதிகம் கத்தியவர் கடைசியாகக் கண்ணை வைத்து, “ஏலே, நீந்துதுல” என்று முனகினார். வெறும் பாசி, உயிருள்ள பாசி என்று மன்னி விளக்கினாள். உயிர் என்ற சொல் மட்டும் சந்துக்குள் போயிற்று. மறுநாள் அது ஆத்தாவாகத் திரும்பி வந்தது. கிணற்றுக்கு வேப்பிலை கட்டி, சாயக்காரனையே சூடம் ஏற்றச் சொன்னார்களாம். மன்னி தலையில் அடித்துக்கொண்டாள். அவன்மேல் அடி விழாமல் இருந்தால் சரி என்று பிறகு சிரித்தாள்.

இன்று அந்தச் சந்தில் கிணறு இருந்த அடையாளமே இல்லை. அன்று, சிவப்பு வடிந்து நீர் தெளிந்ததும் எல்லோரும் பழையபடி இறைத்துக் குடித்தார்கள். சாயக்காரன் மட்டும் அடுத்த சந்துக்குக் குடம் தூக்கிப் போனான். ஏன் என்று கேட்டதற்கு, “எனக்குச் சாட்சி சொன்னதை எப்படிக் குடிக்க?” என்றானாம்.