யோகன் பேரில் ஒரு லாண்ட்லைன்

போன செவ்வாய்க்கிழமை ஒரு போன் கொம்பனியிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். நான் நான்தான் என்று நிரூபிக்க முடியாமல் அல்ல... நான் யோகநாதன் என்று நிரூபிக்க முடியாமல்!

விஷயம் இதுதான். லண்டன் நோர்பரியில் இருக்கும் எங்கள் வீட்டு லாண்ட்லைனைச் செப்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றப்போவதாகக் கடிதம் வந்தது. நாடு முழுக்க மாற்றுகிறார்கள். ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டியும் கப்பல் கட்டியும் சம்பாதித்த நாடு இது. இப்போது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறது. பழைய கம்பியோடு இனி எத்தனை நாள் ஓட்டுவது? நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

கடைசி வரியில்தான் வினை. கணக்கு யார் பேரில் இருக்கிறதோ, அவரே பேசி உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இரண்டு வாரத்தில் நம்பர் போய்விடும்.

"நம்பர் போனால் என்ரை யாவாரமும் போச்சு," என்றாள் மனைவி வசந்தி.

வீட்டிலிருந்தே ரோல்ஸும் பற்றீஸும் ஓடருக்குச் செய்பவள் அவள். ஹவுன்ஸ்லோ வரைக்கும் எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த நம்பர் ஒட்டியிருக்கிறது. பிறந்தநாளோ, பெண் பெரியவளான சாமத்திய வீடோ, செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியோ – எங்கள் லாண்ட்லைன்தான் அடிக்கும். நாட்டின் பொருளாதாரத்தை அமைச்சர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டுப் பொருளாதாரம் அந்தப் பதினொரு இலக்கம்தான்.

சரி, யார் இந்த யோகநாதன்? எங்கள் யோகன். அந்த நாளில் இந்த வீட்டில் ஏழு பேர் இருந்தோம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த எங்களுக்கு பாங்க் கணக்கும் இல்லை, அது இல்லாமல் போன் லைனும் இல்லை. விசா கையில் கிடைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். காஸ், கரன்ட், போன்... எல்லாம் அவன் பேரில். ஒவ்வொருவராக வெளியேறி, கடைசியில் யோகனும் டொரன்டோவுக்குப் போய்விட்டான். வீடு எனக்கும் வசந்திக்கும் என்றானது. போன் மட்டும் அவன் பேரிலேயே இருந்தது. கொம்பனி கூப்பிட்டால், "யெஸ், யோகநாதன் ஸ்பீக்கிங்" என்று கூச்சமில்லாமல் சொல்லப் பழகிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு பில்லையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

செவ்வாயன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கொம்பனிப் பெண் பிறந்த திகதி கேட்டாள். வருடா வருடம் ஆட்டிறைச்சி சமைத்துக் கொண்டாடிய நாள், மறக்குமா? சட்டென்று சொன்னேன்.

தவறாம்.

அப்போதுதான் உறைத்தது. யோகனின் கடதாசியில் இருப்பது அவனை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரன் போட்டுக்கொடுத்த பொய்த் திகதி. எனக்குத் தெரிந்தது, அவனை அவன் அம்மா பெற்ற நாள். கொம்பனிக்கு அதனால் என்ன பிரயோசனம்?

"அப்ப யோகன் அண்ணையோடை கதையுங்கோவன்," என்றாள் வசந்தி.

கதைப்பதா? இருபது வருடத்துக்கு மேலாக எங்களுக்குள் பேச்சே இல்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் பழைய மாணவர் சங்கம் இரண்டாக உடைந்தபோது அவன் ஒரு பக்கம், நான் மறுபக்கம். அவன் டொரன்டோ போன அன்று வழியனுப்ப நான் ஹீத்ரோவுக்குப் போகவில்லை. இத்தனைக்கும் அன்று எனக்கு ஷிப்ட்கூட இல்லை.

"எனக்கு ஏலாது. அவன்ரை நம்பரும் என்னட்டை இல்லை."

"என்னட்டை இருக்கு."

ரோல்ஸைப் புரட்டிப் போட்டபடியே சொன்னாள். யோகனின் மனைவியோடு வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருக்கிறாளாம்!

"உங்கடை சண்டைக்கும் எங்களுக்கும் என்ன? ரோசத்தை வைச்சு ரோல்ஸ் சுத்தேலாது. இந்த லாண்ட்லைனிலையே எடுங்கோ."

எடுத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். ஹலோகூடச் சொல்லவில்லை. "என்னடா, என்ன நடந்தது? வசந்திக்கு ஏதுமோ?"

நான் வாயே திறக்கவில்லையே! "நான்தான் எண்டு உனக்கு எப்பிடியடா தெரியும்?"

"போனிலை 'வீடு' எண்டு வந்தது."

இந்த இருபது வருடத்தில் எத்தனை போன் மாற்றியிருப்பான்? ஒவ்வொரு புதுப் போனுக்கும் எங்கள் நம்பரை அதே பேரோடு கொண்டுபோயிருக்கிறான். போனை வசந்தியிடம் நீட்டிவிட்டேன். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் அவன், நான், கொம்பனிப் பெண் – மூவரும் ஒரே லைனில். யோகன் தன் கடதாசிப் பிறந்தநாளைப் பிசகாமல் சொன்னான். நம்பர் தப்பியது. கணக்கும் என் பேருக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் வைக்கவில்லை.

ஃபைபர் நல்லதுதான், வேகமும் வேண்டியதுதான். ஆனால் இந்த ஊரில் எங்களுக்கு முதல் லைன் கிடைத்தது, ஒருவன் தன் பேரை மற்ற ஆறு பேருக்கும் விட்டுக்கொடுத்ததால். நானோ, அத்தனை வருடமும் அவனோடு பேசாமல், அவனாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தச் சங்கங்களா? இரண்டும் எப்போதோ ஒன்றாகிவிட்டனவாம். எங்களுக்குத்தான் யாரும் போன் எடுத்துச் சொல்லவில்லை.