என் கணவர் ஜெபிப்பதை நிறுத்திய ஆறு மாதங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், நாங்கள் மலேசியாவில், கோப்பெங் என்ற சிற்றூரில் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவர் லாரி ஓட்டுநர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் சிறிய சபையில் ஞாயிறுதோறும் ஆரம்ப ஜெபம் அவருடையதுதான்.

திடீரென்று ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். பைபிளைத் தொடுவதில்லை. போகப் போக வேலைக்கும் போவதில்லை. கேட்டால், "அப்புறம் பாக்கலாம்லா" என்பார். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது.

விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். உபவாசம் இருந்தேன். ஒருநாள் அவர் தோளை அழுத்தி முழங்காலில் நிற்க வைத்து, "ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க!" என்று கத்தினேன். நான் எழுப்பிவிடும்வரை அப்படியே நின்றார். இந்த மனிதர் இப்படியே செத்தால் எங்கே போவார் என்ற பயம்தான் எனக்கு.

ஒரு ஞாயிறு, சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நேரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் கூச்சமே இல்லை. நான்தான் கூனிக்குறுகிப் போனேன். பக்கத்து ஊரான தாப்பாவிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒரு நர்ஸ், தன் சால்வையை அவர் மடியில் போர்த்திவிட்டு என் காதருகே குனிந்து, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். அவர் ஜெபத்தை விட்டுப் பின்வாங்கியதிலிருந்து எல்லாம் சொன்னேன்.

"அக்கா, இது பாவம் இல்ல. மூளையில என்னமோ இருக்கு. இன்னைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

ஸ்கேனில், நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சை அளவு கட்டி. ஒரு காரியத்தைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் எழும் இடத்தையே அது அமுக்குகிறது என்றார் டாக்டர்.

"அப்போ அவரோட விசுவாசம், டாக்டர்?"

"அது ஸ்கேன்ல தெரியாதும்மா."

அறுவை சிகிச்சை முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்கக் கண்ணை மூடினால் பயத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

நல்லவேளை, அது புற்று இல்லை. மெல்லத் தேறினார். ஒரு மாதம் கழித்து, சாப்பிடும்போது அவரே கேட்டார்: "அத்தன நாளும் ஜெபிக்கணும்னே எனக்குத் தோணல. ஆண்டவர் கோவிச்சிருப்பாரா?"

"அவரு கோவிக்கலங்க. நான்தான் கோவிச்சுக்கிட்டேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

மூளை எங்கே முடிகிறது, ஆத்துமா எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அடுத்தவர் ஆத்துமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.