தொப்பிக்காரரைக் கண்டு இறங்கின ரெண்டு பேர்

ஊர்ச் சிநேகிதியள் எல்லாருக்கும் இந்த நேரத்தில மெயில் போடுறதுக்கு முதல்ல மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மகள் இப்பதான் நித்திரையானவள். முழிச்சிருந்தால் அவள் ஒரு வரி எழுத விடமாட்டாள்... ராவில எனக்கு யோசனை விடாது.

யோசனை என்னெண்டால், இவர் சைக்கிளுக்குப் பின்னால பூட்டுற பிள்ளைச் சீற் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டார். சனிக்கிழமை இஞ்ச எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிற லஷீன் கால்வாய்க் கரையால மூண்டு பேருமாய்ப் போறதாம். பிள்ளைக்கு ரெண்டு வயசு. நான் அந்தச் சீற்றைத் திருப்பிக் குடுக்கச் சொன்னன்.

"பிரிட்டனைச் சைக்கிளில சுத்தின ஆள் நீர். உமக்குக் கால்வாய்க்கரை பயமோ?" எண்டு கேக்கிறார்.

ஓம், சுத்தினனான்தான்...

ஈரப்புல்லும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த ஒரு மணம். இப்பவும் மூக்கில நிக்குது. டெவனில இருந்து வேல்ஸ் வரைக்கும், பத்து நாளும் அந்த மணம்தான். நான் லண்டனில படிச்சுக்கொண்டிருந்த காலம், கலியாணம் கட்டேல்லை. சுபாவும் நானும் யாழ்ப்பாணத்தில ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரோட்டால சைக்கிள் ஓடினனாங்கள். அவளுக்கு லண்டனில வேலை. ஜூன் மாசம் லீவு போட்டிட்டு, ரெண்டு பழைய சைக்கிளை ரயில் கோச்சியில ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டம்.

ஒரு அவசரமும் இல்லை. கூடினால் ஒரு நாளைக்கு இருபது மைல். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளுயரப் பச்சை வேலி. எங்கயாவது ஒரு இடைவெளி வந்தால் சரிவு முழுக்க ஆடுகள், அதுக்கங்கால கடல். உடன இறங்கிப் படம் எடுக்கிறது.

ஏத்தம் வந்தால் ஊரில மாதிரித்தான்... களைச்சவவின்ர முதுகில மற்றவ கையை வைச்சுத் தள்ளுறது. தள்ளுறவவும் களைச்சால் ரெண்டு பேரும் உருட்டுறது.

கஃபே கண்ட இடமெல்லாம் நிப்பாட்டுறது. ஸ்கோன் எண்ட பணிசுக்கு மேல முதல்ல கிறீமோ ஜாமோ எண்டு அங்கத்தைச் சனம் வழக்காடும். சுபாவுக்கு ரெண்டும் ஒண்டுதான். அவள் பையில கொண்டுவந்த இடிச்ச சம்பலை மேசைக்குக் கீழ திறந்து, அவிச்ச உருளைக்கிழங்குக்கு மேல போடுவாள். கடைக்காரி பாக்கப் போறாள் எண்டு சொன்னால், பாத்தால் பாக்கட்டும், தனக்கு நாக்குச் செத்துப்போச்சு எண்டுவாள்.

பெரிய பாலம் கடந்து வேல்ஸுக்குள்ள போய் ஒரு சின்ன ஊர். பின்னேரம் மூண்டு மணி தாண்டியிருக்கும். நல்ல இறக்கம், சைக்கிள் தன்பாட்டில ஓடுது. வளைவால திரும்பினால் ரோட்டோரம் ஒரு ஆள். தலையில தொப்பி, முழங்கால் தாண்டின கோட்டு, கையில நீளத் தடி.

நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பாக்கேல்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில பிரேக் பிடிச்சு, இறங்கி, தலையைக் குனிஞ்சுகொண்டு உருட்டத் தொடங்கினம். சுபா அடையாள அட்டை எடுக்கப் பைக்குள்ள கையும் விட்டிட்டாள்.

உங்களுக்கு விளங்கும். ஆமிக்காரர் காவல் நிக்கிற சென்றியைத் தாண்டேக்க சைக்கிளால இறங்கி நடக்கோணும். எத்தினை வருசம் அப்பிடித்தானே பள்ளிக்கூடம் போனனாங்கள்... காலுக்குப் பழகிப்போச்சு.

அந்த மனுசன் பள்ளிக்கூடப் பிள்ளையளை ரோட்டுக் கடத்தி விடுறவர். தடி நுனியில 'நில்' எண்டு வட்டப் பலகைகூட இருந்தது. எங்கட கண்ணில தொப்பிதான் பட்டது.

ரெண்டு பேருக்கும் பஞ்சரோ எண்டு கேட்டார். சுபா வெக்கத்தில ஓம் எண்டிட்டாள். மனுசன் விடேல்லை. பிள்ளையளை அனுப்பிப்போட்டு எங்களைப் பக்கத்துக் கஃபே முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கடைக்காரியிட்ட ஒரு பேசின் தண்ணி வாங்கி, காத்தடிக்கிற பம்போட குந்திட்டார். நாலு ரயரையும் அமத்திப் பாக்கிறார், கல்லு மாதிரி இருக்கு. நிமிந்து எங்களைப் பாக்கிறார். சுபா என்ர காலை மிதிக்கிறாள், நீ சொல்லு எண்டு.

கடைசியில நான்தான் சொன்னன், எங்கட ஊரில தொப்பி போட்டு ரோட்டில நிக்கிற ஆளைக் கண்டால் இறங்கோணும் எண்டு.

சிரிப்பார் எண்டு நினைச்சன். சிரிக்கேல்லை. தொப்பியைக் கழட்டி மேசையில வைச்சிட்டு, "இஞ்ச நீங்கள் ஓடிக்கொண்டே போகலாம். பிள்ளையள் கடக்கேக்க மட்டும் நில்லுங்கோ" எண்டார்.

கடைக்காரி தேத்தண்ணியோட, கல்லில சுட்ட சின்னச் சின்ன வட்டக் கேக் கொண்டுவந்து வைச்சாள். திராட்சை வத்தல் போட்டு, மேல சீனி தூவி, நல்ல சூடு. வாய் நிறைய வைச்சுக்கொண்டு சுபா கேக்கிறாள், "நீ ஏனடி இறங்கினனி?"

"நீ இறங்கினாய், நானும் இறங்கினன்."

"பொய்யடி. உன்ர பிரேக்தான் முதல்ல கத்தினது."

தேத்தண்ணி மூக்கால வர வரச் சிரிச்சம்.

அப்ப கால்தான் பயந்தது. எனக்கு ஒரு பயமும் இல்லை, தொப்பியைக் காணாட்டி எந்த இறக்கத்திலயும் பிரேக்கைத் தொடமாட்டன். இப்ப பொலிஸ்காரருக்கு முன்னாலயும் கால் பேசாமல் மிதிக்கும்... நான்தான் தட்டையான கால்வாய்க்கரையை நினைச்சு நித்திரையில்லாமல் கிடக்கிறன்.

நேற்றுப் பின்னேரம் ஒரு வேலை செய்தன். இவர் மகளைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, அந்தச் சீற்றில இருபது இறாத்தல் அரிசிப் பையை வைச்சு, பெல்ட் போட்டு, எங்கட கட்டிடத்துக் கார் பார்க்கில மூண்டு சுத்துச் சுத்தினன். முதல் சுத்து பிரேக்கை விடாமல் ஓடினன். மூண்டாவது சுத்தில மணி அடிச்சன். அரிசி அசையேல்லை. மகள்தான் கத்தினாள், தன்னை விட்டிட்டு அரிசியை ஏத்தினதுக்கு... "மோன் வெலோ, மோன் வெலோ" என்ர சைக்கிள் எண்டு, பிள்ளையளைப் பாக்கிற கார்டெறியில பழகின பிரெஞ்சில.

அவளுக்குப் பயமில்லை. சனிக்கிழமை ஏத்துவம் எண்டு முக்கால் மனசு வந்திட்டுது. மிச்சக் கால் மனசுக்குத்தான் உங்களிட்டைக் கேக்கிறன். பிள்ளையளைச் சைக்கிளில ஏத்தினாக்கள், எத்தினை வயசில ஏத்தினனீங்கள், கழுத்துச் சாய்ஞ்சு நித்திரையானால் என்ன செய்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. சுபா, நீயும்தான்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் பதில் போடுங்கோ.