பதினாலு சிவப்புக் குல்லாய்

எங்கள் சித்தூர் சபையில் கேரல்ஸுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று வருஷாவருஷம் பேச்சு வரும். வீடு வீடாகப் போய்ப் பாடி, கேக்கும் சாக்லேட்டும் வாங்கிக்கொள்வது. பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ் என்றால் அதுதான். முந்தின வருஷம் ஒரு பைக் உரசி ஒரு பையனுக்கு முட்டி பெயர்ந்துவிட்டது. "இந்த வருஷமும் ஏதாவது ஆச்சுன்னா, பிள்ளைங்க வர்றது இதோட சரி" என்றார் பாஸ்டர். கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் பயந்தவன். பயம் வந்தால் எண்ணுவேன். பதினாலு பிள்ளைகளுக்கும் சிவப்புக் குல்லாய் மாட்டினேன். ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் எண்ணினேன். என் கையைப் பிடிக்காமல் யாரும் ரோடு தாண்டக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன். அந்தப் பதினாலில் ஒன்று என் பேத்தி. மகளுக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஷிப்டு வேலை. என்னை நம்பித்தான் பிள்ளையை விட்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸ் தாத்தாவையும் சேர்த்து எண்ணிட்டீங்களா சார்? அவரும் காணாம போயிடப்போறாரு" என்றார் டோலக் அடிப்பவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வேலூர் ரோட்டை இரண்டிரண்டு பேராகத் தாண்ட வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் வண்டிகள் கொஞ்சம் ஓய்ந்ததும், "ஓடியாங்க, ஓடியாங்க" என்று யாரோ கூப்பிட, மீதிப் பேர் ஒன்றாக ஓடி வந்துவிட்டார்கள். திட்டிவிட்டு எண்ணினேன். குல்லாய் பதினாலு. சரியாக இருந்தது. நடந்தோம்.

அடுத்த வீட்டில் பாடி முடித்து கேக் கொடுக்கும்போது ஒரு பையன் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். மொட்டை. திருமலையில் முடி கொடுத்துவிட்டு வந்த சந்தனம்கூட இன்னும் போகவில்லை. எங்கள் சபைப் பிள்ளை இல்லை.

"எவரு பாபு நுவ்வு?" யாரப்பா நீ என்று தெலுங்கில் கேட்டேன்.

"பசங்க மொட்ட மொட்டன்னு தட்னாங்க. அந்தக்கா இத்த குட்த்துச்சி" என்றான். முந்தின வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன். பாட்டைக் கேட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறான்.

"எந்த அக்கா?"

அவன் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. சாத்திய டயர் கடை முன்னால், லாரிகள் உரசிக்கொண்டு போகும் ஓரத்தில், வெறுந்தலையோடு என் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

"ஏம்மா இங்கியே நின்னுட்ட?"

"நீதானே தாத்தா சொன்ன, உன் கையப் புடிச்சிக்கினுதான் தாண்டணும்னு. வருவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேன். நீ எண்ணிக்கினு இருந்த. அப்புறம் தலையாட்டிட்டுப் போயிட்ட."

மறு ஞாயிறே முடிவு செய்துவிட்டார்கள். இனிமேல் பெரியவர்கள் மட்டும். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டோலக்காரரும் கிண்டல் செய்யவில்லை. போன டிசம்பரில் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அடுத்த வருஷம் அதையும் பார்ப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சபைக் கோவிலுக்குப் போக இப்போதும் அதே ரோட்டைத்தான் தாண்ட வேண்டும். பழக்கத்தில் கையை நீட்டுகிறேன். பேத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மகள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி, நான் வருகிறேனா என்று பார்க்கிறாள். பேத்தி பார்ப்பதில்லை.