மதிய நேரத்து வெந்நீர்

மெஷின் எவ்வளவு சூடு தருகிறது என்று போனில் காட்டும் அந்தக் கோடு இறங்கினாலே இர்யாவுக்கு வேலை ஓடாது. தோட்டத்தில் இருநூறு மீட்டர் துளைத்து, பாறைக்குள் இருக்கும் சூட்டை இழுத்து வீட்டைக் கதகதப்பாக வைக்கும் மெஷின் அவர்களுடையது. ஒரு யூனிட் மின்சாரம் தின்றால் மூன்றரை யூனிட் சூடு தரவேண்டும். ஜனவரி பிறந்ததிலிருந்து மதியத்தில் மட்டும் கோடு இரண்டரைக்கு விழுந்துகொண்டிருந்தது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மெஷின் நின்றால் வீட்டுக் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும்.

நூர்மெஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஒரு கையால் பட்டாணி சூப்பைக் கிளறுவாள், மறு கையில் போன்.

வீட்டிலிருக்கும் கணவன் தைஸ்தோவைக் கூப்பிட்டுக் கேட்டால், "மெஷின் நல்லாத்தான் ஓடுது. நீ சூப்பக் கவனி, அடிப்பிடிக்கப் போகுது" என்பான். நில அளவையில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டு மெக்கானிக் கெட்டுனெனை வரவழைத்தாள். தைஸ்தோ நூலகத்துக்குப் போயிருந்தான். கெட்டுனென் மெஷினைக் கழற்றிப் பார்த்துவிட்டு அதன் பழைய கணக்கைத் திரையில் ஓட்டினார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க. வீட்டுச் சூட்டுக்கு வெதுவெதுன்னு தண்ணி இருந்தாப் போதும். குளிக்கிற வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேணுமில்ல, அதுக்கு இது ரெண்டு பங்கு பாடுபடணும். பகல்ல டேங்க் மூணு தடவை காலியாகுது. விருந்தாளி யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லையே."

"சனி ஞாயித்துல இப்படி இல்ல. வேலை நாள்ல மட்டுந்தான்."

அவள் வீட்டில் இல்லாத நாட்கள்.

மறுநாள் இதைக் கேட்ட சமையலறைத் தோழி ஐலா ரொட்டித் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். "உன் ஆளு எவளையோ கூட்டிட்டு வந்து குளிப்பாட்டுறான்டி! அறுபத்தெட்டு வயசுல கொடுத்து வச்சவன்!"

இர்யாவும் சிரித்தாள். சிரித்தபடியே போனைப் பார்த்தாள். அப்போதே கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். பனி படிந்த சாலையில் வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் எவளுடைய பூட்ஸாவது கிடக்குமோ என்று முதலில் அங்கேதான் பார்த்தாள். தைஸ்தோவின் பூட்ஸ் மட்டும்தான் கிடந்தது.

குளியலறைக் கொடியில் நான்கு துண்டுகள், நான்கும் ஈரம். தைஸ்தோ இடுப்பில் ஐந்தாவதைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"சீக்கிரம் வந்துட்டியே? இரு, குளிச்சிட்டு வந்துடறேன். காலையிலருந்து குளிக்கவே இல்ல."

"தைஸ்தோ, உன் தலை சொட்டுது."

அவன் தலையைத் தொட்டான். விரலைப் பார்த்தான். பிறகு கொடியைப் பார்த்தான். அந்த முகத்தில் அவள் கண்டது திருட்டு முழியல்ல, வழி தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவனின் பயம். எவளாவது வந்திருந்தால்கூடத் தேவலாமே என்று அந்த நொடியில் நினைத்தாள்.

"எத்தனையாவது தடவை?" என்று கேட்டான், மெதுவாக.

"தெரியல" என்றாள்.

"ஊசி மாதிரி ஒரு பயம், இர்யா. கொஞ்ச நாளாவே. நீ இருந்தா உன்னப் பாத்து நேரம் தெரிஞ்சுக்கறேன். நீ போயிட்டா நாள் பூரா காலையாவே இருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிசமாயிடுமே."

அவள் ஐந்தாவது துண்டாலேயே அவன் தலையைத் துவட்டிவிட்டாள். பிப்ரவரியில் யோயென்சூ மருத்துவமனையில் அவன் மூளையைப் படமெடுத்தார்கள். நினைவு போகும் நோய்தான், மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டர். எவ்வளவு மெதுவாக என்று இருவருமே கேட்கவில்லை. இர்யா அரைநாள் வேலைக்கு மாறினாள்.

அந்த அரைநாளில் இப்போதும் போனைப் பார்ப்பாள். கோடு இறங்கினால், சரி, குளிக்கிறான், எழுந்து நடமாடுகிறான் என்று மூச்சு வரும். மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை கோடு அசையவே இல்லை. மணி பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, கோடு மூன்றரை யூனிட்டிலேயே நின்றது. மெஷின் இத்தனை நன்றாக ஓடி அவள் பார்த்ததே இல்லை. உருளைக்கிழங்கை அப்படியே விட்டுவிட்டு அழைத்தாள். ஏழு தடவை மணி அடித்த பிறகு எடுத்தான், மூச்சிரைக்க.

"பனி தள்ளிட்டிருந்தேன். எதுக்கு இப்படிக் கத்தற?"

"ஒண்ணுமில்ல" என்றாள். கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.